பாட்டு வருகிறது, இங்கிலீஷ் வரவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன்களிலும் (தொழிலாளர் குடியிருப்புகள்) ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டுமாக இங்கிலீஷ் சொல்லித் தருபவர்களிடம் பேசினால், திரும்பத் திரும்ப அதே சில சிக்கல்கள்தான் வந்து நிற்கின்றன. அங்கன்வாடி டீச்சராக இருந்தாலும் சரி, சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித் தரும் காலேஜ் பெண்ணாக இருந்தாலும் சரி. அதனால் கண்ணில் படும் கோளாறைத் தலைப்பாகப் போட்டு, முதலில் எதைச் சோதித்துப் பார்ப்பது, அப்புறம் எதை மாற்றுவது என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதற்கு நேராகப் போய்விடலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

பாட்டு முழுசாக வருகிறது, ஆனால் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியவில்லை

தலை, தோள், முட்டி, பாதம் என்று தொட்டுத் தொட்டுப் பாடும் பாட்டை எல்லா வகுப்பிலும் பாடுகிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அட்டகாசமாகப் பாடி முடித்ததும், மெட்டு இல்லாமல், சாதாரணமாகப் பேசும் குரலில், கையை ஆட்டாமல் "டச் யுவர் நோஸ்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் நம் கண் போகும் இடத்தைப் பார்த்தே தொட்டுவிடுவார்கள்.

இப்போது அவர்கள் உதட்டைக் கவனியுங்கள். சிலர் சட்டென்று மூக்கைத் தொடுவார்கள், அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. சிலர் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் உதட்டை மட்டும் அசைத்து, பாட்டை முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓட்டி, அந்த வார்த்தை வரும் இடம் வந்த பிறகு மூக்கைத் தொடுவார்கள். அந்த உதட்டசைவைப் பார்த்துவிட்டால் கோளாறு பிடிபட்டுவிட்டது. அந்தப் பிள்ளையிடம் "நோஸ்" என்ற வார்த்தை தனியாக இல்லை, பாட்டில் ஒரு இடமாக மட்டும் இருக்கிறது. மெட்டு எதையும் வரிசையாகக் கட்டி ஞாபகத்தில் வைக்கும், அதனால்தான் பாட்டு இவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் ஆகிறது, அதனால்தான் வார்த்தையைத் தனியாக உருவ முடியாமலும் போகிறது.

சரிசெய்வது எப்படி? இன்னொரு பாட்டு சொல்லித் தராதீர்கள், இதே பாட்டை வெட்டுங்கள். பாதியில் நிறுத்தி, நிறுத்திய இடத்தில் எல்லோரும் கல் மாதிரி நிற்கட்டும். அடுத்த நாள் வரிசையைக் கலைத்துப் பாடுங்கள், தோள் முதலில், தலை கடைசியில். கை தானாகப் பழைய இடத்துக்குப் போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு நல்லது, காது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு அடுத்த கட்டம், வாய் "இயர்" என்று சொல்ல உங்கள் கை முழங்காலைத் தொடட்டும்; பிள்ளைகள் கையைப் பின்பற்றாமல் சொல்லைப் பின்பற்ற வேண்டும். இது பழகிய பிறகு கட்டளை போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வரிசையில் போய் நில்லுங்கள். டீச்சருக்கே "ஜம்ப்" என்று உத்தரவு போடக் கிடைத்தால் வாய் திறக்காத பிள்ளையும் திறக்கும்.

இதில் புதுசு எதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே இதை ஒரு முறையாக்கி எழுதினார், டோட்டல் பிசிகல் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக டிபிஆர் என்பார்கள். குழந்தை தாய்மொழியைக் கற்கும்போது முதலில் "இங்கே வா", "அதை எடு" என்பதைக் கேட்டு உடம்பால் பதில் சொல்கிறது, பேச்சு பிறகுதான் வருகிறது, ஆகவே இரண்டாவது மொழியையும் அப்படியே ஆரம்பிக்கலாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இதற்குச் சாமான் எதுவும் வேண்டாம், நிற்க இடம் இருந்தால் போதும்.

கடைசிக் கட்டம் வார்த்தையை மாற்றுவது. பண்ணை மிருகங்களை வரிசையாகச் சொல்லும் பாட்டென்றால், அந்த மிருகங்களில் மூன்றை எடுத்துவிட்டு நம் பிள்ளைகள் பார்க்கிற பைசனையும் கரடியையும் குரங்கையும் போடுங்கள். தேயிலைச் சரிவில் நின்று முறைக்கும் காட்டெருமையைப் பார்த்த பிள்ளைக்கு "பிக் பைசன், கோ அவே!" என்பது வெறும் வரி அல்ல, அது உயிர் போகிற விஷயம், குரலே மாறிவிடும். காய்கறிப் பாட்டென்றால் இன்னும் சுலபம். மலையில் விளைவதைச் சந்தையில் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்கிறோம். காரட், பீன்ஸ், பீட்ரூட் எல்லாம் பிள்ளை வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தெரிந்த இந்த மூன்றோடு தெரியாத "கேபேஜ்" ஒன்றைச் சேர்த்துப் பாடுங்கள். ஒரு வரிசையில் மூன்று பழசு, ஒன்று புதுசு. அதற்கு மேல் புதுசு போட்டால் மறுபடியும் வெறும் மெட்டாகிவிடும்.

எல்-எம்-என்-ஓ-பி ஒரே எழுத்தாகிவிட்டது

குற்றம் பிள்ளை மேல் இல்லை, மெட்டு மேல். ஏபிசி பாட்டில் அந்த இடம் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், ஐந்து எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். மெட்டை விட்டுவிட்டுப் படிக்கட்டுக்குப் போங்கள். மலை ஊரில் படிக்கட்டு இல்லாத தெரு கிடையாது. ஒரு படிக்கு ஒரு எழுத்து, "எல்" சொல்லி ஒரு படி, "எம்" சொல்லி ஒரு படி. படியில் சாக்பீஸால் எழுத்தை எழுதிவிட்டால் இன்னும் நல்லது. கால் ஏறினால்தான் அடுத்த எழுத்து, ஓட முடியாது. இறங்கும்போது பின்னாலிருந்து சொல்லச் சொல்லாதீர்கள், அது வீண் வேலை.

இதோடு ஒட்டி இன்னொன்று. தமிழில் க என்ற எழுத்தைக் க என்றே சொல்கிறோம், பெயரும் ஒலியும் ஒன்று. இங்கிலீஷில் "டபிள்யூ" என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலி எங்கேயுமே இல்லை, "எச்" கதையும் அதுதான். எழுத்தின் பெயரை மட்டும் பாடிப் பாடிப் பழகிய பிள்ளை ஒன்றாம் வகுப்பில் "கேட்" என்று படிக்கும் இடத்தில் "சி ஏ டி" என்று சொல்லிவிட்டு நிற்கும். ஆகவே ஒலி விளையாட்டு முன்னால், எழுத்துப் பாட்டு பின்னால். "ப என்று ஆரம்பிப்பதைத் தொடு" என்றதும் பேக், பால், பெஞ்ச் என்று வகுப்பெல்லாம் ஓடித் தொட்டு வரட்டும்.

ஒரு பிள்ளை மட்டும் வாயே திறப்பதில்லை

முதல் சோதனை, அந்தப் பிள்ளை செய்கிறதா என்பது. "சிட் டவுன்" என்றால் உட்காருகிறதா, "கிவ் மீ த ரெட் ஒன்" என்றால் சிவப்பை எடுத்துத் தருகிறதா? செய்தால் கோளாறே இல்லை. புது மொழிக்குள் வரும் குழந்தை சில வாரமோ சில மாசமோ கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், அதை மௌனக் காலம் என்பார்கள். நம் வகுப்புகளில் அது இன்னும் நீளும், காரணம் சுலபமானது: கோத்தகிரி ஹட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் படுகு, கூடலூரில் ஒரே பெஞ்சில் பணிய மொழியும் மலையாளமும் தமிழும் உட்கார்ந்திருக்கும், எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தமிழே புதுசு. அந்தப் பிள்ளை ஒரே சமயத்தில் இரண்டு மொழியை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து எழுப்பி நிற்க வைத்துத் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். அட்டையைத் தூக்கிக் காட்டும் வேலை, மணி அடிக்கும் வேலை கொடுங்கள். கூட்டத்தோடு பாடும்போது பக்கத்தில் போய்க் காதைக் கொடுங்கள், பல சமயம் மெல்லிய குரலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

செய்யவும் இல்லை என்றால் முதலில் குல்லாவைக் கழற்றிப் பாருங்கள். கம்பளிக் குல்லா காதை மூடி, மேலே ஸ்கார்ஃபும் சுற்றியிருந்தால் பின் வரிசைப் பிள்ளைக்கு என்ன கேட்கும்? குல்லா இல்லாமலும், முதுகுப் பக்கம் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், அல்லது காதில் சீழ் வடிகிறது, சளி விடவே இல்லை என்றால், இது இங்கிலீஷ் பிரச்சினை அல்ல. ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது, காது கேட்கும் குறையும் அதில் சேர்த்தி. அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் பேசுங்கள். சீக்கிரம் பார்த்தால் சரியாகக்கூடிய விஷயத்தை "மந்தம்" என்று முத்திரை குத்தி விட்டுவிடக் கூடாது.

விளையாட்டு ஆரம்பித்தால் ரகளை

பிள்ளைகள் சேட்டை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ஒரு நேரத்தில் எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் வந்து அட்டை எடுக்க, இருபது பேர் வரிசையில் காத்திருக்கும் விளையாட்டு ரகளையில்தான் முடியும். அதே அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் போய்த் தொடுவது போல மாற்றினால் பாதி அடங்கிவிடும்.

அடுத்தது "அவுட்". தப்பாகச் செய்தவர் அவுட், வெளியே உட்கார வேண்டும் என்ற விதி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளையையே முதலில் வெளியே அனுப்புகிறோம், அது அங்கே உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். தப்புச் செய்தவர் என் பக்கம் வந்து அடுத்த கட்டளையை என்னோடு சேர்ந்து சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை சொன்னால் அந்த வார்த்தை அதற்கு வந்துவிடும், திரும்பி ஆட்டத்துக்குப் போகலாம்.

விதியை இங்கிலீஷில் விளக்கிக்கொண்டு நிற்பதும் ரகளைக்குக் காரணம். விதியைத் தமிழில் சொல்லுங்கள், இரண்டு பிள்ளைகளை விட்டு ஆடிக் காட்டுங்கள், ஆட்டத்தில் வரும் பேச்சு மட்டும் இங்கிலீஷில் இருக்கட்டும். விதியே தெரிந்த ஆட்டமாக எடுத்தால் இந்தத் தொல்லையும் இல்லை. "கலர் கலர், வாட் கலர்" நம் தெருப் பிள்ளைகள் காலங்காலமாக ஆடுவது. கலருக்குப் பதில் "சம்திங் ரவுண்ட்", "சம்திங் சாஃப்ட்" என்று மாற்றுங்கள். பாண்டிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் படம் வரையுங்கள். ஆட்டம் பழசு, வார்த்தை புதுசு என்றால் பிள்ளையின் கவனம் முழுக்க வார்த்தைக்குப் போகும்.

நிறுத்தும் சைகையை விளையாட்டுக்கு முன்பே பழக்கிவிடுங்கள். இரண்டு மெதுவான தட்டு, மூன்று வேகத் தட்டு, பிள்ளைகள் அதையே திருப்பித் தட்டிவிட்டு அப்படியே நிற்க வேண்டும். கத்தி நிறுத்தினால் உங்கள் தொண்டைதான் போகும்.

மழை கொட்டுகிறது, தகரக் கூரையில் எதுவும் கேட்கவில்லை

தேவாலா, பந்தலூர், கூடலூர்க்காரர்களுக்கு ஜூன், ஜூலையில் இது தினமும் உண்டு. மழையோடு போட்டி போட்டுப் பாடாதீர்கள். அன்றைக்குச் சத்தமில்லாத ஆட்டம்: நீங்கள் பாட்டை வாயசைத்து நடித்துக் காட்ட, எந்த வரி என்று பிள்ளைகள் படத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். அல்லது நாலு நாலு பேராக வட்டமாக உட்கார்ந்து, காதோடு காதாக ஒரு வார்த்தையைக் கடத்தி, கடைசிப் பிள்ளை அதற்கான பொருளை எடுப்பது. மழைக்கு இது அருமையாகப் பொருந்தும்.

"பஸ்ஸு", "புக்கு", "இஸ்கூல்"

தமிழ் வாய் மெய்யெழுத்தில் முடிவதற்கு யோசிக்கும், ஒரு உ சேர்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் "ஸ்" இன்னொரு மெய்யோடு சேர்ந்து வந்தால் முன்னால் ஒரு இ போட்டுக்கொள்ளும். இது சோம்பேறித்தனமோ குறையோ அல்ல, திருத்தித் திருத்தி அழவிட வேண்டியதும் அல்ல. கைதட்டிக் காட்டினால் போதும். "புக்" என்றால் ஒரு தட்டு, "புக்கு" என்றால் இரண்டு. "பஸ்" ஒன்று, "பென்சில்" இரண்டு, "பட்டர்ஃப்ளை" மூன்று. பிள்ளை தானே தட்டி, "அய்யோ, ரெண்டு வந்துடுச்சு" என்று கண்டுபிடிக்கும். "ஸ்கூல்" என்பதற்குப் பாம்பு சீறுவதுபோல "ஸ்ஸ்ஸ்" என்று இழுத்துவிட்டு "கூல்" சொல்லச் சொல்லுங்கள், முன்னால் இ நுழைய இடமே இருக்காது.

ஃபேன் எல்லாம் பேன் ஆகிறதே என்பவர்கள் டிசம்பர், ஜனவரிக் காலைக்குக் காத்திருங்கள். ஊட்டியில் அந்த நேரம் வாயைத் திறந்தால் புகை வரும். "பென்" என்று சொன்னால் புகை குபுக்கென்று ஒரு உருண்டையாகப் போகும். மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்து "ஃபிஷ்", "ஃபைவ்" என்று சொன்னால் புகை நீளமாக, மெல்லிசாகப் போகும். பிள்ளைகள் வாசலில் நின்று நீளப் புகை விட்டே அந்த ஒலியைப் பிடித்துவிடுவார்கள்.

போனில் பாட்டு போட்டால் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், பாடுவதில்லை

படம் ஓடும்போது கண்தான் வேலை செய்யும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் விடுங்கள், இன்னும் நல்லது, நீங்களே பாடுங்கள். யூடியூப் பாட்டில் பெரும்பாலும் வேகம் அதிகம், நிறுத்த முடியாது, முதல் கோளாறுக்குச் சொன்ன வெட்டும் வேலை எதையும் செய்ய முடியாது. உங்கள் குரல் சுமாராக இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆண் ஆசிரியர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் கீழ்ஸ்தாயியில் ஆரம்பித்தால் பிள்ளைகளால் பிடிக்க முடியாது, பாடுவதை விட்டுவிட்டுக் கத்துவார்கள். ஒரு பிள்ளையை முதல் வரி எடுக்கச் சொல்லி அந்தச் சுருதியில் நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

பெரிய பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்கள்

ஒன்று முதல் ஐந்து வரை இரண்டே ஆசிரியர்கள் பார்க்கும் பள்ளிகள் மலையில் நிறைய. நாலாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றாம் வகுப்போடு சேர்ந்து முயல் போலக் குதிக்கக் கூச்சமாக இருப்பது நியாயம். அவனுக்குப் பொறுப்பு கொடுங்கள். இதற்கு ரயில் ஆட்டம் நன்றாக வேலை செய்யும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏறும் நம் மலை ரயில்தான். சின்னவர்கள் தோளைப் பிடித்து ரயிலாக நிற்கட்டும். பெரிய பிள்ளைகளில் ஒருவர் ரயில் கார்டு, பச்சை, சிவப்புத் துணியோடு. மற்றவர்கள் ஆளுக்கொரு ஸ்டேஷன் மாஸ்டர். கல்லார் முதல் குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும் இடம், அங்கே கார்டு "ஸ்லோ, ஸ்லோ" என்று சொல்ல வேண்டும், குன்னூர் தாண்டினதும் "ஃபாஸ்டர்". குகை வந்தால் "ஹெட்ஸ் டவுன்". வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நிற்கும், ஸ்டேஷன் மாஸ்டர் "வாட் டூ யூ வாண்ட்?" என்று கேட்பார், பயணி "டூ காரட்ஸ், ப்ளீஸ்" என்று சொன்னால்தான் காய் அட்டை கிடைக்கும். சொல்லத் தெரியாவிட்டால் ரயிலே காத்திருக்கும், பின்னால் இருக்கும் பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். ஊட்டி போய்ச் சேரும்போது ஒரே கேள்வியைப் பெரியவர்கள் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள், சின்னவர்கள் எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பார்கள் என்று பாருங்கள். உட்கார வைத்து இத்தனை தடவை சொல்ல வைக்க யாராலும் முடியாது.

"எப்பப் பாத்தாலும் ஆட்டமும் பாட்டமும்தான், எழுத்து எப்ப டீச்சர்?"

பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். கூலியில் மிச்சம் பிடித்துப் பிள்ளையை இங்கிலீஷ் படிக்க அனுப்புகிறவர்கள் நோட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள், நோட்டு காலியாக இருந்தால் பயம் வரும். அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரை 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே பாட்டும் செயல்பாடும்தான் வழி என்று சொல்லலாம், ஆனால் அது அவர்களைச் சமாதானப்படுத்தாது. கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும்.

அதனால் தினம் ஒரு கட்டளையை வீட்டுக்கு அனுப்புங்கள். கொழுந்து எடை போட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்ததும், பிள்ளை "கிவ் மீ வாட்டர், ப்ளீஸ்" என்று சொல்ல வேண்டும், அல்லது அப்பாவை "ஓப்பன் த டோர்" என்று வேலை வாங்க வேண்டும். வாரம் ஒரு நாள் நோட்டில் ஒரு படம், கீழே அந்த வாரப் பாட்டின் ஒரே ஒரு வரி. எழுதப் பழகாத பிள்ளைக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள், அது படத்துக்கு வண்ணம் தீட்டட்டும். பெற்றோரை வகுப்புக்கே கூப்பிட்டு அரை மணி நேரம் ரயிலில் ஏற்றுவது இன்னும் நல்லது. அப்புறம் அந்தக் கேள்வி அவ்வளவாக வராது.

மழை லீவு முடிந்து வந்தால் எல்லாம் மறந்துவிட்டது

மறக்கவில்லை, கூப்பிட்டால் வரும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். விட்ட பாட்டிலிருந்து தொடராதீர்கள். வருஷ ஆரம்பத்தில் சொல்லித் தந்த, எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த பாட்டை முதலில் எடுத்து, ஒரு நாள் முழுக்க அதையே ஆடுங்கள். மறுநாள் லீவுக்கு முன் பாடியதை வாய் திறக்காமல் சைகையில் மட்டும் செய்து காட்டுங்கள். எந்தப் பாட்டு என்று பிள்ளைகளே கண்டுபிடித்து வார்த்தையை இழுத்துக்கொண்டு வருவார்கள். அப்படியும் வராத வார்த்தைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் படிக்கட்டுக்கோ ரயிலுக்கோ கொண்டுபோங்கள். புதுப் பாட்டு அடுத்த வாரம்.